மெக்கானிக் கிட்ட போனா மட்டும் வராத சத்தம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குப் பேச்சுக்கு முன்னாடி ஒரு சத்தம். ஹெட்ஃபோன் போட்டிருந்தா வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

(ஒலிப்பதிவு, 14 விநாடி: ஒரு டீசல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடுகிறது. நடுவே சீராக 'டக் டக் டக்' என்று ஒரு தட்டல்.)

கேட்டுச்சா? வழக்கமான டீசல் கடகடப்புக்கு மேல, யாரோ சின்னச் சுத்தியலால இரும்பைத் தட்டுற மாதிரி ஒன்னு. இது எங்க அப்பாவோட கார். 2013 மாடல், நாலு சிலிண்டர் டீசல் ஹேட்ச்பேக், 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல. காமன் ரெயில் டீசல் கார் எதுக்கும் இது வரலாம், அதனால பேரு முக்கியமில்ல.

அப்பா, அம்மா தஞ்சாவூர்ல இருக்காங்க. நான் சென்னையில, ஓஎம்ஆர்ல கோடு எழுதிக்கிட்டு இருக்கேன். அம்மாவுக்குக் கண்ணுல ஊசி போடணும். அதுக்காக மாசம் ஒரு தடவை திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரணும். போக வர 120 கிலோமீட்டர். கண்ணுல கட்டோட பஸ் ஸ்டாண்டுல நின்னு, கூட்டத்துல ஏறி வர்றது அம்மாவால முடியாது. அதனால இந்தக் கார் எங்க வீட்டுல ஆடம்பரப் பொருள் இல்ல.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஃபோன் பண்ணாரு. "இன்ஜின்ல என்னமோ தட்டுதுடா. வீட்டுக்கு வர்றதுக்குள்ள நின்னுபோச்சு." மறுநாள் காலையில ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா சத்தமே இல்ல. போனட்டைத் திறந்து வச்சு, ரேஸ் பண்ணிப் பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாங்க. ஒன்னுமில்ல. "சார், வண்டி நல்லாத்தானே இருக்கு?" சாஃப்ட்வேர்ல இருக்கவங்களுக்கு இந்த டயலாக் தெரியும். என் மெஷின்ல ஓடுதேங்கிற அதே பதில்தான்.

சும்மா அனுப்ப மனசில்லாம இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாத்தி விட்டாங்க. மூணு வாரம் அமைதி. ஆயில்தான் காரணம்னு நாங்களும் நம்பிட்டோம். அடுத்த தடவை திருச்சி போயிட்டு வரும்போது திரும்பவும் டக் டக். இந்த தடவை ஒர்க்‌ஷாப்ல வேற மாதிரி பேசினாங்க: "அடியில பேரிங் போயிருக்கும் சார். இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும். எல்லாம் சேர்த்து 85,000 வரும்." வண்டியைக் கொடுத்துடலாமான்னு அப்பா ஒரு புரோக்கரைக் கேட்டாரு. இன்ஜின் சத்தம்னு சொன்னதும் ரெண்டு லட்சம் போற வண்டிக்கு அவர் சொன்ன விலை 90,000.

இந்த இடத்துல நான் ஒரு வேலை பண்ணேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ பார்த்துட்டு, இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் ஒன்னு ஆர்டர் பண்ணி தஞ்சாவூருக்கு அனுப்பி, டேங்க்ல ஊத்தச் சொன்னேன். சத்தம் போயிடுச்சு! ஒன்பது நாள் இல்ல. நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும், "85,000 ரூபா பிரச்சினையை 600 ரூபாயில முடிச்சேன்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பத்தாவது நாள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது டக் டக் டக்.

அப்புறம்தான் யோசிச்சேன். ஆயில் மாத்தின மூணு வாரத்துல அப்பா திருச்சி போகவே இல்ல. பாட்டில் ஊத்தின ஒன்பது நாள்லயும் போகல. விட்டு விட்டு வர்ற பிரச்சினையில இதுதான் பெரிய வலை. தானாவே நின்னு நின்னு வர்ற சத்தம், நீங்க எதைப் பண்ணாலும் அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நிக்கத்தான் செய்யும். கண்ணாடியைத் துடைச்சாலும் நிக்கும், எலுமிச்சம்பழம் கட்டினாலும் நிக்கும். "மாத்தினேன், போயிடுச்சு"ங்கிறது ஆதாரமே இல்ல. அந்தச் சத்தத்தை நம்ம இஷ்டத்துக்கு வரவைக்கத் தெரியணும். தெரிஞ்சப்புறம் ஒன்னை மாத்தி, வரவைக்கப் பார்த்தும் வரலைன்னாதான் அது ஆதாரம். அது தெரியிற வரைக்கும் 600 ரூபா பாட்டிலும் 85,000 ரூபா இன்ஜின் வேலையும் ஒரே மாதிரி குருட்டடிதான்.

சரி, சத்தம் எங்கிருந்து வருதுன்னு பேசறதுக்கு முன்னாடி, டீசல் ஏன் தட்டுதுன்னு பார்த்துடலாம். ஏன்னா டீசல் இன்ஜினுக்குத் தட்டறதே குணம்.

பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் பத்த வைக்குது. டீசல்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, 16, 17 மடங்கு அமுக்குகிறது பிஸ்டன். சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பக்கம் சூடாகும்ல, அதே கதை. இங்க அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிடும். அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா தானாகவே பத்திக்கும். ஆனா பீய்ச்சின அந்த நொடியே பத்தாது. ஒரு மில்லிசெகண்டுக்குப் பக்கத்துல ஒரு தாமதம் இருக்கு. அந்த நேரத்துல டீசல் உள்ளே வந்துக்கிட்டே இருக்கும். வீட்டுல கேஸைத் திறந்துட்டு லைட்டர் பத்தாம நாலு தடவை தட்டி, அஞ்சாவது தடவை 'பக்'குனு பத்தும் பாருங்க, அதுதான். தாமதம் நீண்டா, சேர்ந்த டீசல் மொத்தமும் ஒரே அடியா எரியும். அழுத்தம் சட்டுனு ஏறி, சிலிண்டர் சுவரையும் பிஸ்டனையும் சுத்தியல் மாதிரி அடிக்கும். டிராக்டர் சத்தத்துக்கும் பழைய வேன் சத்தத்துக்கும் இதான் காரணம்.

இப்போ உள்ள டீசல் கார் ஏன் அவ்வளவு தட்டறதில்ல? காமன் ரெயில் வந்ததால. பயணிகள் காரில் இது முதன்முதலாக 1997-ல், ஆல்ஃபா ரோமியோ 156-ல் வந்தது. இதுல கம்ப்யூட்டர் சொல்ற நேரத்துல, சொல்ற அளவுல இன்ஜெக்டர் திறந்து மூடும். அதனால மெயின் டீசலை அனுப்பறதுக்கு முன்னாடி, ஒன்னு ரெண்டு கன மில்லிமீட்டர் டீசலை மட்டும் முன்கூட்டியே அனுப்பி ஒரு சின்ன நெருப்பை உண்டாக்கிக்க முடியுது. ஒரு சொட்டுல இருபதுல ஒரு பங்குகூட இருக்காது. இதுக்குப் பேரு பைலட் இன்ஜெக்‌ஷன். மெயின் டீசல் வரும்போது உள்ளே ஏற்கெனவே நெருப்பு இருக்கு, தாமதம் இல்ல, தட்டலும் இல்ல.

ஒரே ஒரு இன்ஜெக்டர் அந்தத் துளி அளவைச் சரியா கொடுக்க முடியாம போனா, அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பழைய டிராக்டரா மாறிடும். மத்த மூணும் சாதாரணமா ஓடும்.

ஆனா இன்ஜின் பக்கத்துல தட்டற சத்தத்துக்கு இன்ஜெக்டர் மட்டும் காரணமா இருக்கணும்னு இல்ல. கனெக்டிங் ராடு பேரிங் இருக்கலாம். டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கற வண்டின்னா, அது தேய்ஞ்சாலும் ஐடிலிங்ல கடகடன்னு கேட்கும். கிளட்சை மிதிச்சா சத்தம் மாறும். பெல்ட் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் புல்லி, ஏசி கம்ப்ரசர், இன்ஜின் மவுண்ட், லூஸான சைலன்சர் தகடு, எதுவா வேணா இருக்கலாம். இதுல எதுன்னு ஓடாத சத்தத்தை வச்சுச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

நான் அப்பாவை லாக் எழுதச் சொன்னேன். அப்பா மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கு லாக்புக் எழுதறது புதுசில்ல. நான் கேட்டதுல உண்மையிலேயே சந்தோஷப்பட்டாருன்னு நினைக்கிறேன். ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு காலம் பிரிச்சாரு. தேதி, நேரம், இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நின்னது, ஏசி, கியர், ஆர்பிஎம், எத்தனை நிமிஷம் தட்டுச்சு. முக்கியமா, சத்தம் வராத ஓட்டத்தையும் எழுதச் சொன்னேன். வந்ததை மட்டும் எழுதினா ஒப்பிட எதுவும் இருக்காது. திருச்சிக்குச் சும்மாவே ரெண்டு தடவை போயிட்டு வந்தாரு, பெட்ரோல் பங்க் கணக்கு எனக்குத்தான்.

மூணு வாரத்துல 26 வரி. அதுல சத்தம் வந்தது 11.

இந்த 11-ல ரெண்டு வரி ஒட்டவே இல்ல. பள்ளத்துல ஏறி இறங்கும்போது மட்டும் தட்டுச்சுன்னு எழுதியிருந்தாரு. ஒரு நாள் முழுக்க அதை வச்சுக் குழம்பினேன். கடைசியில பார்த்தா, டிக்கியில ஜாக்கி லூஸா கிடந்து உருண்டுக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு பக் கலந்து ஒன்னு மாதிரி தெரியறது எங்க தொழில்ல தினமும் நடக்கறதுதான், ஆனா ஜாக்கி அந்த லிஸ்ட்ல இருக்கும்னு நினைக்கல.

மிச்சம் ஒன்பது வரியும் ஒரே மாதிரி. இன்ஜின் நல்லா சூடாகி, 20-லிருந்து 40 நிமிஷம் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது தட்டியிருக்கு. ஐடிலிங்லயும், லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும். நாலஞ்சு நிமிஷம் ஓட்டினதும் நின்னிருக்கு. காலையில கோல்ட் ஸ்டார்ட்ல ஒரு தடவைகூட இல்ல. ஏசி போட்டாலும் போடாட்டியும் வந்திருக்கு. இடம்? ஒன்பதுல ஏழு, செங்கிப்பட்டி. திருச்சியிலிருந்து வரும்போது அப்பா அங்கதான் டீ குடிக்க நிறுத்துவாரு.

ஒர்க்‌ஷாப் வீட்டுலேருந்து ரெண்டு கிலோமீட்டர். இன்ஜின் பாதி சூடுகூட ஆகாது. போய் வரிசையில ஒன்னரை மணி நேரம் நிக்கும். அவங்க சத்தத்தைக் கேட்க வாய்ப்பே இல்ல.

இதுக்கு நடுவுல அப்பா அனுப்பின ரெக்கார்டிங் ஒன்னு. முதல்ல வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜா அனுப்பினாரு. அது மனுஷக் குரலுக்காகச் சத்தத்தை அமுக்கிடுது, தட்டலே சரியா கேட்கல. ஃபோன்ல வீடியோ எடுத்து, டாகுமென்ட்டா அனுப்பச் சொன்னேன். டாக்கோமீட்டர்ல 850 ஆர்பிஎம் காட்டறதையும் சேர்த்து எடுத்தாரு. அதை ஆடாசிட்டியில திறந்து, தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்தேன். சுமார் 140 மில்லிசெகண்ட்.

கணக்கு இதுதான். 850 ஆர்பிஎம்னா கிராங்க் ஒரு சுத்து சுத்த 71 மில்லிசெகண்ட் ஆகும். ரெண்டு சுத்துக்கு 141. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் எரியும். அதாவது இந்தத் தட்டல், ஒரே ஒரு சிலிண்டர் எரியற தாளத்துல வருது. ஃப்ளைவீலோ கிராங்க் புல்லியோ தட்டினா சுத்துக்கு ஒரு தடவை தட்டியிருக்கும், 71 வந்திருக்கும். நாலு சிலிண்டரும் தட்டினா 35. இதுல கேம்ஷாஃப்ட்டும் பாதி வேகத்துலதான் சுத்தும், அதனால டாப்பெட் சத்தமா இருக்க வாய்ப்பு மிச்சம் இருந்தது. பேரிங்கும் மிச்சம், ஏன்னா தேய்ஞ்ச பேரிங்கை நல்லா அடிக்கறதே அந்த சிலிண்டர் எரியிற நேரம்தான்.

ஒர்க்‌ஷாப்காரங்க பேரிங்னு சொன்னது முட்டாள்தனம் இல்லங்கிறதையும் சொல்லணும். சூட்டுல ஆயில் தண்ணியா ஆகும், அப்போ தேய்ஞ்ச பேரிங் அதிகமா தட்டும். 'சூடானா தட்டுது' ரெண்டுக்கும் பொருந்துது. ஆனா லாக்ல இன்னொரு காலம் இருந்தது: நாலஞ்சு நிமிஷம் ஓட்டினதும் நிக்குது. ஓடும்போது ஆயில் சூடு குறையறதில்ல, லோடு கூடுது. பேரிங்கா இருந்தா அங்கதான் மோசமாகணும், நிக்கக் கூடாது. வேற என்ன குறையுது? இன்ஜினை நிறுத்தினதும் கூலன்ட் ஓட்டமும் நின்னுடும். ஆனா இரும்புல இருக்கற சூடு எங்கயும் போகாம ஹெட்டுக்கு ஏறும், கொஞ்ச நேரத்துக்கு இன்ஜெக்டர் ஓடும்போது இருந்ததைவிட அதிகமா சூடாகும். திரும்ப ஓட்டினா கூலன்ட் சுத்தி, புது டீசல் வந்து, அது தணியும். 20-லிருந்து 40 நிமிஷம்ங்கிறது இதோட ஒத்துப்போச்சு.

ஒரு நிமிஷம் இங்க நிறுத்தறேன். தட்டற சத்தத்தோட ஆயில் பிரஷர் லைட்டும் எரிஞ்சா, இந்த லாக் வேலையெல்லாம் வேணாம். ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க. வேகம் கூடக் கூட ஆழமா, கனமா சத்தம் ஏறினாலும் அதேதான். அதே மாதிரி, இன்ஜெக்டர்தானேன்னு மாசக்கணக்குல ஓட்டவும் கூடாது. சரியா மூடாம ஒழுகற இன்ஜெக்டர், பிஸ்டன் தலையை உருக்கி ஓட்டை போட்டுடும். அப்போ 85,000 நிஜமாவே வரும்.

ஒரு லீவு போட்டு தஞ்சாவூர் போனேன். டீசல் பம்பும் இன்ஜெக்டரும் மட்டும் பார்க்கற அண்ணன் ஒருத்தர் கிட்ட அப்பாவோட நோட்டைக் காட்டினோம். அவர் பக்கம் பக்கமாத் திருப்பிப் படிச்சாரு. "ஐயா, வண்டியைப் பத்தி இவ்வளவு எழுதிக்கிட்டு வந்தவங்க யாரும் இல்ல"ன்னாரு. அப்பா அன்னைக்குப் பூரா நல்ல மூடுல இருந்தாரு.

முதல் வேலை, பேரிங்கைத் தள்ளி வைக்கறது. ஆயில் ஃபில்டரைக் கழட்டி, அறுத்து, உள்ளே இருக்கற மடிப்புப் பேப்பரை விரிச்சுப் பார்த்தாரு. பேரிங் போயிருந்தா அதுல உலோகத் தூள் மினுங்கும். இல்ல. ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிச் சூட்டுல பார்த்தாரு, நல்லா இருந்தது. இன்ஜினை இறக்காமலே முடிஞ்ச ரெண்டு சோதனை இது.

அடுத்து, நாங்களே செங்கிப்பட்டி வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வந்து, அவர் கடை வாசல்ல நிறுத்தி, போனட்டை மூடியே வச்சு, 25 நிமிஷம் உட்கார்ந்தோம். டீ அவரே வாங்கிக் கொடுத்தாரு. ஸ்டார்ட் பண்ணினா: டக் டக் டக். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சிரிச்சதை அப்பா விநோதமாப் பார்த்தாரு.

சத்தம் இருக்கும்போதே, இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்னா கழட்டினாரு. மூணாவதைக் கழட்டினதும் தட்டல் நின்னுது. அந்த சிலிண்டர்தான். இதை நீங்க பண்ணாதீங்க. அந்த வயர்ல வர்ற வோல்டேஜ் பேட்டரியோடதைவிடப் பல மடங்கு. பக்கத்துல இருக்கற ஸ்டீல் பைப்புல ஐடிலிங்லயே 250 பாருக்கு மேல அழுத்தம் இருக்கும், கார் டயர்ல இருக்கறது ரெண்டு பார் சொச்சம்தான். கசிவைக் கையால தடவிப் பார்த்தா டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். அது ஆபரேஷன் கேஸ்.

அப்புறம் நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் லைன்லயும் நாலு சின்ன பாட்டில் மாட்டினாரு. இன்ஜெக்டர் உள்ளே போன டீசல்ல கொஞ்சம் எரியாம திரும்பி வரும். தேய்ஞ்ச இன்ஜெக்டர்ல அதிகமா வரும். சூட்டுல மூணு பாட்டில்ல ஒரு விரக்கடை அளவு, மூணாவது சிலிண்டர் பாட்டில் மட்டும் கிட்டத்தட்ட அதைவிட மூணு மடங்கு. வேடிக்கை என்னன்னா, இதே சோதனையை முதல் ஒர்க்‌ஷாப்லயும் பண்ணியிருந்தாங்க. குளிர்ந்த இன்ஜின்ல. நாலும் சமமா இருந்துச்சாம். டீசல் சூடானா தண்ணி மாதிரி ஆகி, தேய்ஞ்ச இடுக்கு வழியா அதிகமா ஓடும். குளிர்ச்சியில அந்த இடுக்கு தெரியாது. சோதனை சரி, நேரம்தான் தப்பு.

எனக்கு அதுவே போதும்னு தோணுச்சு. அண்ணனுக்குப் போதல. "தம்பி, இது இன்னும் சந்தேகம்தான். மாத்திப் போட்டுப் பார்த்துடுவோம்"னாரு. மூணாவது இன்ஜெக்டரை ரெண்டாவது சிலிண்டர்லயும், ரெண்டாவதை மூணாவதுலயும் போட்டாரு. அடியில இருக்கற செம்பு வாஷரைப் புதுசா போட்டாரு, பழசைத் திரும்பப் போடக் கூடாது. ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலயும் இருக்கற கோடையும் ஸ்கேனர்ல இடம் மாத்திப் பதிஞ்சாரு. கோளாறு பிஸ்டன்லயோ பேரிங்லயோ டாப்பெட்லயோ இருந்தா சத்தம் மூணுலயே இருக்கணும். இன்ஜெக்டர்லன்னா கூடவே நகரணும்.

திரும்ப செங்கிப்பட்டி, திரும்ப 25 நிமிஷம், திரும்ப டீ. சத்தம் வந்துச்சு. இந்த தடவை ரெண்டாவது கனெக்டரைக் கழட்டினா நின்னுது.

அந்த ஒரு இன்ஜெக்டரைக் கழட்டி ரீகண்டிஷன் பண்ணிப் போட்டாரு. உள்ளே கன்ட்ரோல் வால்வு தேய்ஞ்சு, அந்தத் துளி பைலட் டீசலைச் சூட்டுல சரியா கொடுக்க முடியாம இருந்திருக்கு. வாஷர், ரிட்டர்ன் ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபா. போட்டு முடிச்சதும் வீட்டுக்கு அனுப்பல. மூணாவது தடவையா செங்கிப்பட்டிக்கு அனுப்பினாரு.

இப்போ நாலு மாசம் ஆச்சு. புரோக்கர் ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டாரு. அப்பா நோட்டை இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்காரு, போன வாரம் அதோட ஒரு பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாரு. கடைசி வரி: "செங்கிப்பட்டி. மாலை 4.10. நின்றது 30 நிமிடம். ஏசி உண்டு. சத்தம் இல்லை."